சட்டைக்கு எட்டு மாதம், புடவைக்கு 38 வருடம்

கேள்வி: என் அம்மாவின் முகூர்த்தப் பட்டு 38 வருடமாகப் பெட்டியில் புதுசு போல இருக்கிறது. தீபாவளிக்கும் வருடத்தில் ஒரு கல்யாணத்துக்கும் எடுத்துக் கட்டுவார். நான் 900 ரூபாய் கொடுத்து வாங்கும் சட்டையை வாரம் இரண்டு தடவைதான் போடுகிறேன். எட்டே மாதத்தில் விறைத்து, வெளிறி, காலர் நைந்துபோகிறது. வெள்ளைச் சட்டை என்றால் பழுப்பேறிவிடுகிறது. மாங்காய் சீசனில் தோப்புக்குப் போய்வந்தால் பால் கறை வேறு. என் மனைவியும் எத்தனையோ பவுடர் மாற்றிப் பார்த்துவிட்டாள், அளவையும் கூட்டிப் பார்த்துவிட்டாள். இந்தக் காலத்துத் துணி மோசமா, அவளுக்குத் துவைக்கத் தெரியவில்லையா? நல்ல பவுடர் ஒன்றின் பெயரைச் சொல்லுங்கள்.
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், காவேரிப்பட்டணம்)

பதில்: பெயரைப் போடவில்லை. வீட்டில் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர் இருக்கிறார் போலிருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. அம்மாவின் புடவை வருடத்துக்கு இரண்டு தடவை வெளியே வருகிறது. 38 வருடத்துக்கு 76 தடவை. உங்கள் சட்டை வாரத்துக்கு இரண்டு தடவை. எட்டு மாதத்துக்கு ஏறக்குறைய 35 வாரம், ஆக 70 தடவை. புடவை 38 வருடத்தில் உழைத்ததை உங்கள் சட்டை எட்டே மாதத்தில் உழைத்து முடித்துவிட்டது. அதோடு, 76 தடவை கட்டிய பட்டை அம்மா 76 தடவை ஊறவைத்து, பிரஷ் போட்டு, முறுக்கிப் பிழிந்து, வெயிலில் காயப்போட்டு, இஸ்திரி போட்டிருப்பாரா? காற்றாட நிழலில் போட்டு மடித்து வைத்திருப்பார். சட்டைக்கு அத்தனையும் 70 தடவை நடந்திருக்கிறது. அப்புறம் யாரை யாரோடு ஒப்பிடுகிறீர்கள்?

துணி உடம்பில் இருக்கும்போது தேய்வது கொஞ்சம்தான். தண்ணீரில், கல்லில், பிரஷ்ஷில், மிஷினில் தேய்வதுதான் அதிகம். இந்தக் காலத்துத் துணி மெலிந்துவிட்டது என்பதில் பாதி உண்மை உண்டு. சட்டையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்தப் பக்கம் நிற்கிற ஆள் தெரிகிறார். ஆனால் மெலிந்த துணியைத்தான் பழைய கெட்டி வேட்டிக்குப் போட்ட அடியையே போட்டுத் துவைக்கிறோம்.

இனி உங்கள் ஊர்த் தண்ணீருக்கு வருவோம். துவைப்பது போர் தண்ணீரில்தானே? தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீர் என்றாலே எல்லோரும் ஃபுளூரைடு என்பார்கள். அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கட்டி 2013-ல் திறந்தார்கள். பல்லைக் கறையாக்கும் அந்தத் தண்ணீர்தான் சட்டையையும் கெடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. ஃபுளூரைடு பல்லுக்கும் எலும்புக்கும்தான் எதிரி. துணிக்கு எதிரி கால்சியமும் மக்னீசியமும். தண்ணீரின் கடினத்தன்மை என்று சொல்வது இவை இரண்டையும்தான்.

இந்தியக் குடிநீர்த் தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை சரி. வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். 600 உள்ள தண்ணீரை 15 லிட்டர் பக்கெட்டில் பிடித்தால் அதில் 9 கிராம் சுண்ணக்கல்லுக்குச் சமமான சரக்கு கரைந்திருக்கிறது. துவைக்க ஒரு பக்கெட், அலச இரண்டு பக்கெட் என்றால் 27 கிராம். அதில் ஒரு பங்கு ஒவ்வொரு தடவையும் சட்டை நூலில் படிந்தால் விறைக்காமல் என்ன செய்யும்? பழைய சவுக்காரக் கட்டியில் தேய்த்தால் இந்தக் கால்சியம் சோப்போடு சேர்ந்து தயிர் திரிந்தது போல வெள்ளைப் பிசுக்காகித் துணியில் ஒட்டும். அழுக்கும் அதன்மேல் ஒட்டும். வெள்ளைச் சட்டை பழுப்பாவதற்கு இதுவே பெரிய காரணம். பவுடரில் இந்தப் பிசுக்கு குறைவு. ஆனால் கடினமான தண்ணீர் பவுடரிலும் ஒரு பகுதியை விழுங்கிவிடும். நுரை வரவில்லை என்று இன்னொரு கரண்டி போடுகிறோம். போட்டதெல்லாம் இரண்டு அலசலில் போவதில்லை. மிச்சம் நூலிலேயே தங்கி, காய்ந்து, மறுநாள் தூசியைப் பிடித்துக்கொள்கிறது. உங்கள் மனைவி அளவைக் கூட்டக் கூட்டச் சட்டை விறைத்ததற்குக் காரணம் இதுதான். துவைக்கத் தெரியாமல் இல்லை. தண்ணீரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே மாதிரி இரண்டு பாட்டிலில் பாதி பாதி தண்ணீர், ஒன்றில் போர் தண்ணீர், மற்றதில் பிடித்து வைத்த மழைத் தண்ணீர். இரண்டிலும் சவுக்காரத்தை நகக்கண் அளவு சீவிப் போட்டுக் குலுக்குங்கள். மழைத் தண்ணீரில் நுரை எழும்பி நிற்கும். போரில் திரிதிரியாக வந்தால் வேறு சாட்சி வேண்டாம். எண்ணாகவே தெரிய வேண்டும் என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள்.

பரிகாரம் மளிகைக் கடையிலேயே இருக்கிறது: சலவை சோடா. ஆப்ப சோடா இல்லை, அது வேறு. ராத்திரியே பக்கெட் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சலவை சோடாவைக் கரைத்து வைத்துவிடுங்கள். காலையில் அடியில் வெள்ளையாக மண்டி நிற்கும். தண்ணீரில் இருந்த சுண்ணாம்பில் பெரும்பகுதி அதுதான். கலக்காமல் மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து, அதில் துவையுங்கள். சோடாவைத் துணியோடு சேர்த்துப் போட்டால் அந்த மண்டி முழுக்கத் துணியிலேயே உட்கார்ந்துவிடும். இப்படித் துவைத்தால் பவுடர் பாதி போதும். வண்ணார்கள் அந்தக் காலத்தில் உவர்மண்ணைக் கரைத்து, தெளிய வைத்து எடுத்ததும் இதே வித்தைதான். உவர்மண்ணில் இருப்பதும் சோடாதான். அதில் முக்கி வெள்ளாவி வைத்த வேட்டியின் வெண்மையை நான் பார்த்திருக்கிறேன். இன்றைய விளம்பரங்கள் காட்டும் வெண்மையில் பாதி, துணியின் மேல் பூசும் ஒளிரும் சாயத்தால் வருவது. நீலமும் அதே ஜாதி: பழுப்பை மறைக்கும், எடுக்காது.

கடைசி அலசலுக்கு மழைத் தண்ணீர் கிடைத்தால் நல்லது. மழைநீர் சேகரிப்பு 2003-ல் கட்டாயமானபோது எல்லோரும் குழாயைக் குழிக்குள் விட்டோம். ஆவணி, புரட்டாசி மழைக்கு ஒரு டிரம்மையும் வைத்திருந்தால் துணிக்கு ஆகியிருக்கும். ஒகேனக்கல் தண்ணீரில் அலசுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அது குடிக்க வருகிறது.

காலர் விஷயம். சட்டை முழுக்க நன்றாக இருக்க, காலர் மட்டும் நைவதற்குக் காரணம் பிரஷ். கழுத்து எண்ணெயும் வியர்வையும் படிந்த கோட்டைத் துடைக்கிறோம் என்று நூலையே அறுக்கிறோம். துவைப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு அந்தக் கோட்டில் இரண்டு சொட்டு ஷாம்பூ தடவி வைத்துவிட்டு, துணியைத் துணியோடு கையால் கசக்கினால் போய்விடும். எண்ணெய்ப் பிசுக்குத் தலையில் இருந்தாலும் காலரில் இருந்தாலும் ஒன்றுதான். முன்பெல்லாம் காலர் நைந்தால் தையல்காரரிடம் கொடுத்துத் திருப்பித் தைப்பார்கள். உள்பக்கம் வெளியே வந்து இன்னும் ஒரு வருடம் ஓடும். இன்றும் தெரிந்த தையல்காரர்கள் இருக்கிறார்கள். கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை, கேளுங்கள்.

வியர்வைச் சட்டையைக் கழற்றிச் சுருட்டி மூலையில் போடும் பழக்கம் உங்களுக்கு உண்டா என்று கடிதத்தில் இல்லை. இருக்கும் என்றே நினைக்கிறேன். ஈரத்தோடு இரண்டு நாள் கிடந்தால் கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கும். அந்தப் புள்ளி எளிதில் போகாது. கழற்றியதும் கொடியில் போடுங்கள். ஒரு மணி நேரம் கடைத்தெருவுக்குப் போட்டுப்போன சட்டை என்றால் காற்றாடியபின் இன்னொரு நாள் போடலாம், குடி ஒன்றும் முழுகாது. காயப்போடும்போது உள்பக்கத்தை வெளியே திருப்புங்கள், காய்ந்ததும் எடுங்கள். சித்திரை வெயிலில் காலையிலிருந்து மாலை வரை தொங்கினால் சாயம் எப்படி நிற்கும்? கொடிக்கம்பி துருப்பிடித்திருந்தால் நைலான் கயிறாக மாற்றிவிடுங்கள். துருக்கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவலாம். ப்ளீச் போட்டால் அது இன்னும் கெட்டியாகும்.

ப்ளீச் பற்றி ஒரு வார்த்தை. பருத்தி வெள்ளைத் துணி தவிர வேறு எதிலும் வேண்டாம். பட்டை அரிக்கும், ஜீன்ஸில் இருக்கும், இழுத்தால் நீளும் எலாஸ்டிக் நூலைக் கொல்லும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டோடு அது தப்பித் தவறிச் சேர்ந்தால் குளோரின் என்ற விஷவாயு வரும். அங்கே சட்டை பற்றிய கவலையே இருக்காது.

புதுத் துணியைக் கல்லுப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பது நம் எல்லோர் வீட்டிலும் உள்ள நம்பிக்கை. சாயப் பட்டறையில் உப்புப் போடுவது சாயம் நூலுக்குள் போவதற்காக. தறியில் நெய்து, தைத்து, கடைக்கு வந்த பிறகு உப்பு அதைப் பிடித்து வைக்காது. முதல் நாலு தடவை பச்சைத் தண்ணீரில் தனியாக அலசுங்கள், அது போதும்.

மாம்பால் கறை. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பெங்களூராக் காயைக் காம்பு முறித்தால் பீய்ச்சி அடிக்கும் பால் கையில் பட்டாலே வெந்து போகும். அதில் எண்ணெயும் பிசினும் இருக்கின்றன. அதனால் தண்ணீரில் கரையாது. காற்றுப் பட்டால் கறுக்கும், சூடு பட்டால் இன்னும் இறுகும். வீட்டுக்கு வந்ததும் நாம் முதலில் செய்வது தண்ணீர் ஊற்றித் தேய்ப்பது. அது வீண். அன்றே கறை மேல் தேங்காய் எண்ணெய் தடவி, கால்மணி நேரம் ஊறவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பால் அந்த எண்ணெயை எடுத்துவிட்டுத் துவையுங்கள். ஒருவாரம் ஆன கறைக்கு வைத்தியம் இல்லை. தோப்புக்கென்று ஒரு பழைய சட்டை வைத்துக்கொள்வதுதான் உங்கள் அப்பா காலத்திலிருந்து உள்ள வழி. 900 ரூபாய்ச் சட்டையோடு காய் பறிக்கப் போனது துணியின் குற்றமா?

அம்மாவின் பட்டையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். தர்மபுரி பட்டுக்கூடு மார்க்கெட்டில் ஏலம் போகும் கூட்டை நூற்ற பிறகு, நூலின்மேல் உள்ள பசையைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து எடுக்கிறார்கள். அளவு மீறினால் பசையோடு நூலும் போகும், பட்டு நம் தலைமுடியைப் போலப் புரதம்தானே. ஆகவே மேலே சொன்ன சலவை சோடாவை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பிளாஸ்டிக் கவரில் இருந்தால் வெளியே எடுத்து, கஞ்சி போடாத பழைய வெள்ளை வேட்டியில் சுற்றுங்கள். கஞ்சி இருந்தால் பூச்சி தேடி வரும். ரசகற்பூர உருண்டை ஜரிகையில் படக்கூடாது. 38 வருடமும் ஒரே மடிப்பில் இருந்திருந்தால் மடித்த கோட்டில் விரலை வைத்துப் பாருங்கள். பட்டு அங்கேதான் முதலில் விடும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை பிரித்து, நிழலில் ஆறவிட்டு, மடிப்பை மாற்றி வைக்கலாம்.

பவுடர் பெயர் கேட்டீர்கள். வீட்டில் இப்போது எது இருக்கிறதோ அது. பாதி அளவு.

இன்னொன்று. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வாங்குகிறேன், போடுகிறேன் என்று இருக்கிறது. துவைக்கிறேன் என்று எங்கும் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களே துவையுங்கள். பக்கெட்டில் போடுவதற்கு முன் சட்டைப் பையிலிருந்து பேனா, பஸ் டிக்கெட், பாக்குப் பொட்டலம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அவை உள்ளே இருந்தன என்பது இத்தனை நாளாக யாருக்குத் தெரியும் என்று வீட்டில் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.