ஆடுகிற காம்பஸுக்கு மகளைத் திட்டலாமா?

கே: அண்ணாச்சி, புதுப் பாகைமானியில் 50 பாகை வரைந்தால் 130 வருகிறது. கடையில் திருப்பிக் கொடுக்கலாமா? (மேலப்பாளையம்)

ப: அதில் எண்கள் இரண்டு வரிசை. உங்கள் கோட்டின் மேல் 0 எந்த வரிசையில் விழுகிறதோ அதிலேயே படியுங்கள். கடைக்காரர் பாவம்.

கே: ஏழாவது படிக்கிற மகள் ஒரு கோணத்தைப் பார்த்து அப்படியே இன்னொன்று வரைந்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறிவிடுகிறது. கவனம் போதவில்லை என்கிறார் டீச்சர். ஜியாமெட்ரி பாக்ஸ் போன வாரம் வாங்கியதுதான். (பாளையங்கோட்டை)

ப: பிள்ளையைத் திட்டாதீர்கள் தங்கச்சி, முதலில் காம்பஸைச் சோதித்துப் பாருங்கள். ஒரு வட்டம் போட்டு, விரிவை மாற்றாமல் வட்டத்தின் மேலேயே ஊசியை வைத்து வைத்து வெட்டிக்கொண்டு போனால் ஆறாவது வெட்டு புறப்பட்ட இடத்திலேயே வந்து விழ வேண்டும். விழவில்லையா, கால் நழுவுகிறது. கோணத்தைப் படியெடுக்கிற வேலையே அந்த விரிவை நம்பித்தான் இருக்கிறது: முனையில் ஊசி வைத்து இரண்டு கதிர்களையும் வெட்டும்படி ஒரு வில், அதே விரிவில் புதுக்கோட்டில் ஒரு வில், அப்புறம் பழைய வில்லில் வெட்டுப்பட்ட இரண்டு புள்ளிகளின் இடைவெளியைக் காம்பஸில் எடுத்துப் புது வில்லில் வெட்டி, அந்தப் புள்ளியை முனையோடு சேர்த்துக் கோடு போட வேண்டும். 5 செ.மீ. வில்லில் அந்த இடைவெளி 1 மி.மீ. தப்பினாலே கோணம் ஒரு பாகைக்கு மேல் போய்விடும். பெட்டி மூடியில் கலர் கலராகப் பொம்மை போடத் தெரிகிறது, காம்பஸின் தலையில் இறுக்குவதற்கு ஒரு திருகு வைக்க மட்டும் கை வராது, ஆணியை அடித்து விட்டுவிடுகிறார்கள். நானும் ஏமாந்தவன்தான். ஆனித் தேரோட்டத்துக்குப் போனபோது ரத வீதிக் கடையில் பளபளப்பைப் பார்த்து ஒன்று வாங்கி வந்தேன், வட்டம் போட்டால் நத்தைக்கூடு வந்தது. திருகு உள்ளதாகப் பார்த்து, கடையிலேயே ஒரு தாளில் வட்டம் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

கே: பிளாஸ்டிக் பாகைமானியால் பழைய கூரையின் சரிவை அளந்து தச்சரிடம் எழுதிக் கொடுத்தேன். 6 அடிக் கைமரங்கள் பொருந்தவில்லை. ஆன்லைனில் விற்றவரிடம் நஷ்டஈடு கேட்கலாமா? (அம்பாசமுத்திரம்)

ப: பள்ளிக்கூடப் பிள்ளையின் சாமானை வைத்துக் கூரை போட்டது நீங்கள். ஒரு பாகை தப்பினால் 6 அடி தள்ளிப் போகும்போது ஒன்றேகால் அங்குலம் விலகும். எண்ணே வேண்டாம், பழைய மரத்தின் மேல் அட்டையை வைத்து வெட்டிக் கொடுத்திருந்தால் போதும். தச்சருக்குக் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.

கே: மூலைமட்டத்தை வைத்துக் கோடு போட்டு, புரட்டி வைத்து இன்னொன்று போட்டால் இரண்டு கோடும் சேரவில்லை. வாங்கி நாலு நாள்தான் ஆகிறது. "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று போர்டைக் காட்டுகிறார்கள். (வள்ளியூர்)

ப: சரியாகத்தான் சோதித்திருக்கிறீர்கள், மட்டம் கோணல். போர்டு கிடக்கட்டும். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். அந்த இரண்டு கோடு போட்ட தாளையும் பில்லையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். அப்புறமும் முறைத்தால் அவர் முன்னாலேயே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள்.