தயிர் ஆலையும் ஐந்து பேரும்

வணக்கம் சார். நியூஜெர்சியில் பத்து வருடமாக ஐ.டி. வேலை. சோபானி தயிர் நிறுவனம் தொடங்கிய ஹம்தி உலுகாயாவைப் பற்றிப் படித்ததிலிருந்து தூக்கமில்லை. பிழைக்க வந்த நாட்டில் தனியாளாக எவ்வளவு பெரிய நிறுவனத்தைக் கட்டியிருக்கிறார்! நானும் வேலையை விட்டுவிட்டு இட்லி மாவு வியாபாரம் தொடங்கலாமா? மனைவி வேண்டாம் என்கிறாள். விசா சிக்கலும் உண்டு. ஏதாவது புத்தகம் சொல்லுங்கள்.
ரவி

அன்புள்ள ரவி,

விசாவுக்கு வக்கீலைப் பாருங்கள். புத்தகம் வேண்டாம், ஏற்கெனவே அதிகம் படித்துவிட்டீர்கள்.

தனியாளாகக் கட்டினார் என்று யார் சொன்னது? உலுகாயா துருக்கியில் ஆடு வளர்த்துச் சீஸ் செய்த குர்து குடும்பத்துப் பிள்ளை. 1994இல் ஆங்கிலம் படிக்க அமெரிக்கா வந்தார். தயிருக்கு முன்பே, 2002இல் ஃபெட்டா சீஸ் ஆலை தொடங்கி அதில் திண்டாடியவர். 2005இல் நியூயார்க் மாநிலத்து சவுத் எட்மஸ்டன் என்ற சிற்றூரில், கிராஃப்ட் என்ற பெரிய உணவு நிறுவனம் கைவிட்ட பழைய தயிர் ஆலையை வாங்கினார். அரசு உத்தரவாதத்தோடு கிடைத்த சிறுதொழில் கடன் கைகொடுத்தது. அங்கே வேலை பார்த்தவர்களில் ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டார். முதலில் செய்தது சுவருக்கு வெள்ளையடித்ததுதான். அப்புறம் துருக்கியிலிருந்து தயிர்ப் பக்குவம் தெரிந்த ஒருவரை வரவழைத்தார். முதல் டப்பா கடைக்குப் போனபோது 2007 ஆகிவிட்டது.

அந்த ஐந்து பேரை நீங்கள் எப்படி ஐயா மறந்தீர்கள்?

எங்கள் ஊரில் ஒரு நூற்பாலை மூடியபோது என் அப்பா அங்கே ஃபிட்டர். நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் இயந்திரம் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எந்தப் பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். ஆலையை வாங்கியவர் இயந்திரங்களை இரும்பு விலைக்கு எடை போட்டு லாரியில் ஏற்றினார். ஃபிட்டர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா அதற்கப்புறம் ஜவுளிக்கடையில் துணி மடித்தார். அதனால்தான் உலுகாயா மேல் எனக்கு மரியாதை. 2016இல் நிறுவனத்தின் பங்குகளில் பத்து சதவீதம் வரை தொழிலாளர்களுக்கு என்று அறிவித்தார். தாராள மனசு என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். எனக்கென்னவோ பழைய பாக்கியைத் தீர்த்த மாதிரிதான் தெரிந்தது.

சரி, உங்கள் மாவு. ராஜினாமா எழுதாதீர்கள். உங்கள் நியூஜெர்சியில் எடிசன் ஊர்ப் பக்கம் ஏற்கெனவே மாவு அரைத்து விற்பவர் யாராவது இருப்பார். சனி, ஞாயிறு அவரிடம் போய் கிரைண்டர் கழுவுங்கள். ஜனவரிக் குளிரில் மாவு பொங்காமல் கல்லாகக் கிடந்தால் என்ன செய்வது என்பது அவருக்குத்தான் தெரியும். மனைவியையும் கூட்டிப் போங்கள். வேண்டாம் என்பவருக்குக் கணக்கு வந்திருக்கும்.