தட்டச்சு நிரலுக்கு எல்லா விசைகளும் தெரிய வேண்டுமா?

கேள்வி: நான் ஒரு டி.டி.பி. மையத்தில் பணிபுரிகிறேன். எந்தச் செயலியில் தட்டினாலும் தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் எழுத்து வரும்படி, விண்டோஸின் லோ-லெவல் கீபோர்டு ஹூக்கை (எந்தச் செயலியில் தட்டினாலும் அந்த விசையை முதலில் நம் நிரலுக்குக் காட்டும் வசதி) கொண்டு சி ஷார்ப் மொழியில் ஒரு நிரல் எழுதியிருக்கிறேன். சில வேளைகளில் அது எந்த அறிவிப்பும் இன்றி நின்றுவிடுகிறது. அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையுடன் திறந்த சாளரங்களில் வேலை செய்வதே இல்லை. ஆன்ட்டிவைரஸ் அதைக் கீலாக்கர் (தட்டுவதை ரகசியமாகப் பதியும் உளவு நிரல்) என்கிறது. இதற்கிடையே, ஊழியர்கள் எவ்வளவு வேலை செய்கிறார்கள் என்று பார்ப்பதற்காக, தட்டுவதையெல்லாம் ஒரு கோப்பில் சேமிக்கும் வசதியையும் சேர்க்கச் சொல்கிறார் உரிமையாளர். என்ன செய்யலாம்?

பதில்: முதலில், நிரல் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோவதைப் பார்ப்போம். லோ-லெவல் ஹூக் பொருத்தப்பட்டிருக்கும்போது, தட்டப்படும் ஒவ்வொரு விசைக்கும் உங்கள் நிரலின் பதிலுக்காக விண்டோஸ் காத்திருக்கிறது; பதில் வரும்வரை அந்த விசை எந்தச் சாளரத்தையும் சென்றடைவதில்லை. ஒரு நிரலின் தாமதத்தால் கணினி முழுவதும் தட்டச்சு முடங்கிவிடக் கூடாது என்பதற்காக இதற்குக் கெடு வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் 10இன் 1709 பதிப்பு முதல் அந்தக் கெடு அதிகபட்சம் 1000 மில்லி விநாடி. கெடுவைத் தாண்டும் ஹூக்கை விண்டோஸ் 7 முதற்கொண்டே இயங்குதளம் ஓசையின்றிக் கழற்றிவிடுகிறது. கழற்றிவிட்டதை நிரல் தெரிந்துகொள்ள வழியும் வைக்கவில்லை. எனவே ஹூக் செயற்கூற்றுக்குள் கோப்பில் எழுதுவது, அகராதியில் தேடுவது, இணையத்தைத் தொடுவது எதுவும் கூடாது. விசையைப் பார்த்து, விழுங்குவதா விடுவதா என்று முடிவெடுத்து உடனே திரும்பிவிட வேண்டும். எஞ்சிய வேலையை வேறொரு திரெட்டில் (நிரலுக்குள் தனியாக ஓடும் இழையில்) செய்யுங்கள். ஹூக்கைப் பொருத்திய திரெட்டில் மெசேஜ் லூப் (விண்டோஸ் அனுப்பும் செய்திகளை வாங்கிக்கொண்டே இருக்கும் சுழற்சி) ஓடிக்கொண்டிருப்பதும் கட்டாயம்.

சி ஷார்ப்பில் எழுதுவோர் வழக்கமாக இடறும் இடங்கள் இரண்டு. ஹூக்குக்குக் கொடுத்த டெலிகேட்டை (எந்தச் செயற்கூற்றை அழைப்பது என்று சுட்டும் பொருளை) ஒரு ஸ்டேட்டிக் மாறியில் பிடித்து வைக்காவிட்டால், பயன்படாத நினைவகத்தைத் துப்புரவு செய்யும் கார்பேஜ் கலெக்டர் அதை அள்ளிக்கொண்டு போய்விடும். அடுத்த விசையில் நிரல் முறிந்து விழும். அடுத்து, நீங்கள் திருப்பி அனுப்பும் தமிழ் எழுத்தும் அதே ஹூக் வழியாகவே கடந்து செல்லும் என்பதால், 'உட்செலுத்தப்பட்டது' என்ற கொடியைப் பார்த்து அதைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும். இல்லையெனில் நிரல் தன் எழுத்தையே தானே துரத்திக்கொண்டிருக்கும்.

அட்மினிஸ்ட்ரேட்டர் சாளரங்களில் வேலை செய்யாதது உங்கள் பிழையன்று. குறைந்த உரிமையுள்ள நிரல், கூடுதல் உரிமையுள்ள நிரலின் உள்ளீட்டைக் கவனிக்கவோ அதற்குப் போலி விசைகளை அனுப்பவோ கூடாது என்ற தடுப்பு விண்டோஸ் விஸ்டாவிலேயே வந்துவிட்டது. உங்கள் நிரலையும் அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினால் தடை நீங்கும் என்றாலும், எழுத்து மாற்றுவதற்காகக் கணினியின் முழு அதிகாரத்தையும் வாங்கிக்கொள்ளும் அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் சேர்க்கையையும், உரிமை கேட்டுத் திரை மங்கும்போது தோன்றும் பெட்டியையும் எந்த ஹூக்காலும் எட்ட முடியாது. அவற்றோடு மல்லுக்கு நிற்க வேண்டாம்.

உண்மையில் ஹூக்கே உங்களுக்குத் தேவையில்லை. இந்தப் பணிக்கென்றே டெக்ஸ்ட் சர்வீசஸ் ஃபிரேம்வொர்க் என்ற அமைப்பு விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்து இருக்கிறது. சீன, ஜப்பானிய உள்ளீட்டு முறைகள் இயங்குவது அதன் மேல்தான். கற்றுக்கொள்வது கடினம், சி பிளஸ் பிளஸில் எழுத வேண்டியிருக்கும் என்பதை மறைக்கவில்லை. ஆனால் ஹூக்கைப் பொறுத்தவரை எல்லா விசையும் ஒன்றுதான். உலாவியில் ஒருவர் வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டுகிறாரா, வேர்டில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறாரா என்று அதற்குத் தெரியாது. உள்ளீட்டு முறையாக எழுதினால், இது கடவுச்சொல் பெட்டி என்று செயலியே குறிப்புக் கொடுக்க முடியும். உங்கள் நிரல் ஒதுங்கிக்கொள்ளலாம். மேக்கில் கடவுச்சொல் பெட்டியில் இருக்கும்போது மற்ற நிரல்களுக்கு விசைகள் போகாதபடி இயங்குதளமே மறைத்துவிடுகிறது. 2019இல் வந்த கேட்டலினா முதல், பிற செயலிகளின் விசைகளைக் கவனிக்கப் பயனரின் வெளிப்படையான அனுமதியும் வேண்டும். லினக்ஸில் சாளரங்களைக் கையாளும் பழைய அமைப்பான எக்ஸ்11இல் யாரும் யாருடைய விசையையும் படிக்கலாம்; புதிய அமைப்பான வேலண்டில் முனைப்பில் உள்ள சாளரத்துக்கு மட்டுமே விசை போகிறது, தமிழ் உள்ளீட்டுக்கு ஐபஸ் போன்ற முறையான வழி இருக்கிறது. எல்லா இயங்குதளங்களும் போகும் திசை ஒன்றே என்பதால், ஹூக்கை நம்பிக் கட்டுவதற்கு நீண்ட ஆயுள் இல்லை.

சேமிப்பது பற்றிய கேள்விக்கு வருகிறேன். தமிழ்99இல் 'அம்மா' என்று எழுத ஏ, கே, கே, க்யூ என்ற நான்கு விசைகள். இரண்டாவது கே விழும்போது, முந்தைய எழுத்து அதே மகரம் என்பது நினைவில் இருந்தால்தான் அதன் மேல் தானாகப் புள்ளி வைக்க முடியும். க்யூ விழும்போது, கடைசியில் நிற்பது மெய்வரிசை எழுத்து என்று தெரிந்தால்தான் ஆகாரக் கால் சேரும். அதாவது உங்கள் நிரல் நினைவில் வைக்க வேண்டியது ஓரிரு எழுத்துகளை மட்டுமே. சாளரம் மாறியதும் அதையும் அழித்துவிடலாம். அதற்கு மேல் ஒரே ஒரு விசையை வைத்திருந்தாலும் அது எழுத்து மாற்றும் வேலைக்காக அன்று.

கெட்ட எண்ணம் இல்லாமலும் இது நடக்கும். 2017 மே மாதம், எச்.பி. மடிக்கணினிகள் சிலவற்றில் இருந்த கோனெக்சன்ட் ஒலி இயக்கி, தட்டப்படும் விசைகளையெல்லாம் 'பப்ளிக்' கோப்புறையில் எவரும் படிக்கக்கூடிய ஒரு கோப்பில் எழுதிவருவதை மோட்ஜீரோ என்ற சுவிட்சர்லாந்து நிறுவனம் வெளிக்கொணர்ந்தது. அந்த நிரலுக்குத் தேவைப்பட்டதெல்லாம் மைக்கை அணைக்கும் விசை அழுத்தப்பட்டதா என்பது மட்டும். பிழை தேடுவதற்காக எழுதிய பதிவு வசதி விற்பனைக்கு வந்த பதிப்பிலும் தங்கிவிட்டது. குறிப்பிட்ட விசையைக் கேட்பதற்கு ரெஜிஸ்டர்-ஹாட்கீ என்ற எளிய வழி விண்டோஸிலேயே இருக்கும்போது எல்லாவற்றையும் கேட்டதுதான் வினை. உங்கள் டீபக் பதிவிலும் விசை எண்களை எழுதாதீர்கள்.

உங்கள் உரிமையாளரிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லலாம். டி.டி.பி. மையக் கணினியில் ஊழியர் மட்டும் தட்டுவதில்லை. தேர்வு விண்ணப்பத்துக்காக வருபவர் தம் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் அங்கேதான் தட்டுகிறார். கணினி உரிமையாளருடையது என்பதால் அந்தக் கடவுச்சொல் அவருடையது ஆகிவிடாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேலைவாய்ப்பு தொடர்பான சில தேவைகளுக்கு இடம் தருகிறது என்றாலும், வாடிக்கையாளரின் தரவை அவர் அறியாமல் அள்ளிவைப்பதை அந்த வாசல் வழியே கொண்டுவர முடியாது என்பதே என் கருத்து. ஜெர்மனியில், வலுவான ஐயப்பாடு ஏதும் இன்றி ரகசியமாக வைத்த கீலாக்கரின் பதிவைச் சான்றாக ஏற்க முடியாது என்று 2017 ஜூலையில் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, பணிநீக்கமும் செல்லாது என்றது.

இரண்டாவது, அவர் கேட்பது வேலையின் அளவை. அதற்கு விசைகள் தேவையே இல்லை. முடிந்த கோப்பில் எத்தனை சொற்கள், எத்தனை பக்கங்கள் என்பதை வேர்டே சொல்லிவிடுகிறது. பக்கக் கணக்கில் கூலி கொடுக்கும் மையத்துக்கு அது போதும். அடித்துத் திருத்தியவற்றையும் சேர்த்து எண்ணும் விசைக் கணக்கைவிட அதுவே நியாயமானதும்கூட.

கடைசியாக ஆன்ட்டிவைரஸ். கையொப்பமிடப்படாத ஒரு நிரல் எல்லாச் செயலிகளின் விசைகளையும் கேட்கிறது என்றால், அதை ஐயுறுவது ஆன்ட்டிவைரஸின் கடமை. நிரலை வெளியிட்டவர் யார் என்று காட்டும் கோடு சைனிங் சான்றிதழ் வாங்கிக் கையொப்பமிடுங்கள். பணிப்பட்டையில் குறியீடு தெரியட்டும், அதிலேயே அணைக்கும் வசதியும் இருக்கட்டும். இணையத் தொடர்பு எதுவும் வேண்டாம். அதன்பின் தவறான எச்சரிக்கை என்று ஆன்ட்டிவைரஸ் நிறுவனத்துக்கு நிரலை அனுப்பி மறுஆய்வு கேட்கலாம். உரிமையாளர் கேட்ட வசதியைச் சேர்த்துவிட்டீர்கள் என்றால் மட்டும் அனுப்ப வேண்டாம். அப்போது அந்த எச்சரிக்கை சரியானதே.