ரிப்பீட்டர் (வரும் சிக்னலை வாங்கி உடனே மறுபடி அனுப்பும் ரேடியோ நிலையம்) ஒலிபரப்பத் தொடங்கியதும் பலவீனமான சிக்னல் அறுந்துபோவது ஏன்?

டிரான்ஸ்மிட்டர் பக்கத்திலிருக்கும் ரிசீவரைச் செவிடாக்குகிறது, இதுதான் டீசென்ஸ். அமெச்சூர் ரேடியோவின் 2 மீட்டர் பேண்டில் இரண்டின் அலைவரிசைக்கும் இடைவெளி பெரும்பாலும் 600 கிலோஹெர்ட்ஸ்தான். அதனால், இரண்டும் ஒரே ஆன்டெனாவைப் பகிர உதவும் ஃபில்டரான டியூப்ளெக்சர் ஏறத்தாழ 80 டெசிபலாவது பிரித்துத் தர வேண்டும்.

முதலில் ஆன்டெனாவைக் கழற்றி டம்மி லோடு (சிக்னலை வெளியே விடாமல் வெப்பமாக்கும் போலி ஆன்டெனா) மாட்டுங்கள். அந்த இணைப்பில் கப்ளர் (சிக்னலில் சிறு பங்கை மட்டும் உள்ளே விடும் கருவி) வழியே, இரைச்சலுக்கு நடுவே மட்டுமட்டாகக் கேட்கும் சிக்னல் கொடுத்து, டிரான்ஸ்மிட்டரை ஆன், ஆஃப் செய்து பாருங்கள். அப்போதே இரைச்சல் ஏறினால் டியூப்ளெக்சர் டியூனிங்கிலோ உள் கேபிளிலோ கோளாறு. ஒற்றைப் பின்னல் உறை உள்ள கேபிளில் சிக்னல் கசியும். இரட்டைப் பின்னல் உள்ள ஆர்ஜி-214 போடுங்கள். எல்எம்ஆர்-400 கேபிள் இங்கே வேண்டவே வேண்டாம்: அலுமினிய ஃபாயிலும் தகரம் பூசிய செம்புப் பின்னலும் உரசிக் கரகரக்கும்.

டம்மி லோடில் சுத்தமாக இருந்து, ஆன்டெனாவில் மட்டும் டீசென்ஸ் வந்தால் கோபுரம் ஏறத்தான் வேண்டும்: நீர் புகுந்த கனெக்டர், துருப்பிடித்த போல்ட். காற்றடிக்கும்போது கூடினால், பெரும்பாலும் ஏதோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கும்.