ஆரத்தி, புளி, ஆப்பசோடா: அமிலமும் காரமும் பற்றிக் கேள்வி பதில்

கே: ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலந்ததும் சிவக்கிறதே, ஏன்?

ப: யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன்! மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின். சுண்ணாம்பு காரம் (மிளகாய்க் காரமல்ல, அமிலத்துக்கு எதிரானது). காரத்தில் குர்குமின் தன் புரோட்டானை, அதாவது ஹைட்ரஜன் அயனியை, இழக்கிறது. உடனே அது உள்வாங்கும் ஒளியும் மாறிவிடும், நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரியும். அந்தத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து பாருங்கள், பழைய மஞ்சளே திரும்பும். வேட்டியில் சிந்திய சாம்பார் சோப்புப் பட்டதும் சிவந்து பயமுறுத்துவதும் இதனால்தான். துணி சோப்பும் காரம். பதறிப்போய் பிளீச்சிங் பவுடரையும் ஆசிடையும் சேர்த்துக் கொட்டிவிடாதீர்கள். நன்றாக அலசி வெயிலில் போடுங்கள், குர்குமினுக்கு வெயில் ஆகாது.

கே: பித்தளை விளக்குக்குப் புளி எதற்கு?

ப: புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது. மேலே படிந்த ஆக்சைடைக் கரைத்துவிடும்.

கே: அமிலத்தை அளக்கும் பிஎச் எண் குறையக் குறையப் புளிப்பு கூடுமாமே, பிஎச் 5-ஐ விட 3 இரண்டு மடங்கு புளிப்பா?

ப: ஒவ்வொரு படிக்கும் ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்து மடங்கு. ஆக, நூறு மடங்கு. நாக்குக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

கே: எலுமிச்சைச் சாறும் ஆப்பசோடாவும் கலந்தால் கறை போக இரட்டிப்புச் சக்தியாமே?

ப: ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிவிடும். நுரை வெறும் கரியமில வாயு. மிஞ்சுவது சோடியம் சிட்ரேட் கரைந்த தண்ணீர்.

கே: வினிகரும் ஆப்பசோடாவும்?

ப: மேலே பார்க்கவும்.

கே: சும்மா சொல்லாதீர்கள். எங்கள் சிங்க் அடைப்பு அதில்தான் போனது.

ப: கடைசியில் என்ன ஊற்றினீர்கள்?

கே: ஒரு பானை வெந்நீர்.

ப: எண்ணெய்ப் பிசுக்கை உருக்கியது அதுதான்.

கே: நான் வேதியியல் ஆசிரியர். சோடா அதிகமானால் கலவை காரமாகத்தானே இருக்கும்?

ப: சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் வினிகரை ஏன் வீணாக்க வேண்டும்? சோடாவை மட்டும் போட்டுத் தேய்க்கலாமே.

கே: நுரை இடுக்கில் இருக்கும் அழுக்கைக் கிளப்புமே?

ப: கொஞ்சம் கிளப்பும். அதற்குமேல் இறங்கி வரமாட்டேன்.

கே: நெஞ்செரிச்சலுக்குத் தினமும் ஆப்பசோடா குடிக்கலாமா?

ப: மருத்துவரிடம் கேளுங்கள்.

கே: கழிவறை ஆசிடோடு பிளீச்சிங் பவுடர்?

ப: முதல் பதிலிலேயே சொன்னேன், வேண்டாம்! குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர அருகே ஜெர்மன் படை போர்க்களத்தில் திறந்துவிட்டதும் அதே வாயுதான். ஜன்னல் இல்லாத குளியலறை அதைவிடச் சிறியது.

கே: ஆரஞ்சுச் சாறும் ஆப்பசோடாவும் கலந்தால்?

ப: சாற்றைக் குடித்துவிடுங்கள்.