பலாலி விமான நிலையத்தால் உள்ளூர்ச் சனங்களுக்கு உண்மையில் பிரயோசனம் இருக்கிறதா?

கேள்வியில் இப்படிக் கேட்டிருக்கிறீர்கள்: "சர்வதேச விமான நிலையம் என்று பெயர். வருவதோ ஒன்றிரண்டு சின்ன விமானங்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கிற ஆட்களுக்கு இதனால் ஏதாவது நன்மை உண்டா, இல்லை வெறும் பெருமைக்கா?"

எங்கள் வீட்டில் இதற்கு இரண்டு பதில் இருக்கிறது. அம்மாவைக் கேட்டால் "அது இல்லாட்டி எனக்கு ஒரு கண் போயிருக்கும்" என்பா. அம்மம்மா பதில் சொல்ல மாட்டா. கதையை மாத்திவிடுவா.

அம்மாவின் பதிலை முதலில் சொல்கிறேன். 2023 தொடக்கத்தில் அவவுக்கு விழித்திரையில் பிரச்சினை. இங்கே பார்த்த டொக்டரே "சென்னையில ஒருக்கா காட்டுங்கோ" என்று கடிதம் தந்தார். பழைய வழியில் போவதென்றால் இரவு பஸ்ஸில் 400 கிலோமீற்றர் தெற்கே கொழும்புக்குப் போகவேண்டும். விடிய வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டில் குளித்து, பிறகு கட்டுநாயக்கா விமான நிலையம், அங்கே மூன்று மணித்தியாலம் காத்திருப்பு. அதன்பிறகு விமானம் ஏறினால் அது திரும்ப வடக்கு நோக்கித்தான் பறக்கும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு அறுபத்தெட்டு வயது மனுசி செய்யக்கூடிய பயணமா?

நாங்கள் போன அன்று காலையில் வீட்டில் இடியப்பம் சாப்பிட்டோம், பின்னேரத் தேத்தண்ணியைச் சென்னை வளசரவாக்கத்தில் குடித்தோம். பறப்பு ஒன்றேகால் மணித்தியாலம் அளவில். விசாவுக்கும் கொழும்பு போகத் தேவை இருக்கவில்லை. 2010இலிருந்து இந்தியத் துணைத் தூதரகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது.

ஆனால் உண்மையான உதவி முதல் பயணத்தில் தெரியவில்லை. வருத்தம் என்று வந்தால் முதல் முறை எப்படியும் கடன்பட்டு, கெஞ்சி, ஆரையேனும் துணைக்குப் பிடித்துப் போய்விடலாம். "மூன்று மாதத்தால திரும்ப வாங்கோ" என்கிற சொல்தான் ஆளை விழுத்துவது. எங்கட ஊரில் வைத்தியத்தை அந்த இடத்தில் கைவிட்டவர்கள் நிறையப் பேர். அம்மா மூன்று தடவை திரும்பப் போய் வந்தா. கடைசித் தடவை தனியாகவே போனா.

பயணிகளைப் பார்த்தாலே இந்த நிலையம் எதற்கு உதவுகிறது என்று விளங்கும். உல்லாசப் பயணிகள் கொஞ்சம்தான். ஸ்கேன் கவரைக் கையில் வைத்திருக்கிறவர்கள், கல்யாணக் கூறை எடுக்கப் போகிற குடும்பம், திருச்சியில் படிக்கிற பிள்ளையைப் பார்க்கப் போகிற தாய், நேர்த்திக்கடனுக்குப் பழனி போகிற ஆட்கள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் கனடாக்காரர், லண்டன்காரர் சென்னை வழியாக வந்து இறங்குவார்கள். அப்போது ரிக்கெட் விலையைப் பார்க்காமல் இருப்பது நல்லது. செத்தவீட்டுக்கு ஓடி வருகிறவர்களும் உண்டு. முன்பெல்லாம் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்குத்தான் வந்து சேர்வார்கள். இப்போது பிரேதம் எடுக்க முதல் வாசலில் வந்து நிற்கிறார்கள்.

புதுசாக வந்த வசதி போலத் தெரிந்தாலும் பாதை பழையது. ஓடுபாதை இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை போட்டது. 1947 டிசெம்பர் 10 அன்று இலங்கையின் அந்தக் கால விமான நிறுவனமான எயார் சிலோன் தன் முதல் சேவையைத் தொடங்கியபோது அந்த டகோட்டா விமானம் கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறை என்று அப்போது சொல்லப்பட்ட இதே பலாலியில் இறங்கித்தான் சென்னைக்குப் போனது. திருச்சிக்கும் சேவை இருந்தது. காலையில் போய்ப் படம் பார்த்துவிட்டு இரவுக்குத் திரும்பி வந்த முதலாளிமார் கதை எல்லா வீட்டிலும் இருக்கும். எங்கள் வீட்டிலும் இருக்கிறது. நான் அரைவாசிதான் நம்புவேன்.

பிறகு போர் வந்து எல்லாம் நின்றது. படைத்தளம் ஆனது. 1998 செப்டெம்பர் 29இல் இங்கிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் வீழ்த்தப்பட்டு 55 பேர் இறந்தார்கள். 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கான தரைவழியான ஏ-9 பாதையை முகமாலையில் மூடியபின் கொழும்புக்குக் கப்பலும் விமானமும்தான். நான் அந்தக் காலத்தில் ஒரு தடவை போனேன். படையினரிடம் பயண அனுமதி, அந்தக் கிளியரன்ஸ், எடுக்கவே வாரக்கணக்கில் அலைச்சல். பஸ்ஸில் யன்னல் மறைத்துத்தான் உள்ளே கொண்டுபோனார்கள். நான் பிறந்த ஊருக்குப் பக்கத்தால் போகிறேன், வெளியே எது தெரியும் என்று தெரியாமல் இருந்தேன்.

2019 ஒக்டோபர் 17இல் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள். முதல் நாள் சென்னையிலிருந்து அலையன்ஸ் எயார் வந்தது. ஐந்து மாதத்தில் கொரோனா, மறுபடி பூட்டு. 2022 டிசெம்பர் 12இல் திரும்பத் தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் சென்னைக்கு ஓடத் தொடங்கி, 2025 மார்ச் கடைசியில் திருச்சிக்கும் விட்டது. போட்டி வந்தால்தான் விலை இறங்கும் என்று ஒவ்வொருவரும் பொருளாதாரம் கதைத்தோம்.

சின்ன நிலையத்தின் குறைகளும் இருக்கின்றன. வருவது ஏ.ரி.ஆர். 72, காத்தாடி வைத்த விமானம், எழுபது பேருக்குக் கிட்டத்தான் இடம். அதற்கு மேல் பெரிய விமானம் இறங்க ஓடுபாதை காணாது. நிறை விசயத்தில் கறார். பெரியம்மா அனுப்பிய ஒடியல் மாவையும் மிளகாய்த்தூளையும் தராசடியில் எடுத்துத் திரும்பக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். மாரியில் வானம் மூடினால் என்ன நடக்கும் என்று சொல்ல ஏலாது. ஒருக்கா அம்மாவும் நானும் பின்னேரம் வரை பிஸ்கட்டும் தண்ணியுமாக இருந்தோம். வேலைவாய்ப்பு என்று பெரிதாகச் சொல்கிறார்கள், எனக்குத் தெரிந்து ஹையேஸ் வான்காரருக்கும் ஓட்டோக்காரருக்கும் கொஞ்சம் ஓட்டம் கூடியிருக்கிறது. 2023இல் தொடங்கிய நாகபட்டினம் – காங்கேசன்துறைக் கப்பலைச் சாமான் கொண்டுவருகிற ஆட்கள் கூடுதலாக விரும்புகிறார்கள், அது நியாயம்.

ஓடுபாதையை நீட்டினால் எல்லாம் சரி என்று சொல்வது சுலபம். எங்கே நீட்டுவது? அங்கேதான் அம்மம்மாவின் மௌனம் வருகிறது.

அவவின் ஊர் விமான நிலையத்துக்குப் பக்கத்து வசாவிளான். செம்மண். வெங்காயமும் வாழையும் புகையிலையும். 1990 ஜூனில் வலிகாமம் வடக்குச் சனம் எல்லாம் எழும்பியபோது அவவும் எழும்பினா. "ரெண்டு கிழமையில திரும்பலாம் எண்டுதான் ஆட்டுக்குட்டியை மட்டும் அவிட்டு விட்டனான்" என்று இப்பவும் சொல்வா. படைத்தளத்தைச் சுற்றிப் படையினர் பிடித்து வைத்த உயர் பாதுகாப்பு வலயத்தில் இருந்த காணிகளைத் துண்டு துண்டாக விட்டார்கள். 2017இல் மயிலிட்டித் துறைமுகப் பக்கம் விடுபட்டபோது எங்களுக்கும் ஆசை வந்தது. எங்கள் துண்டு இன்னும் வேலிக்கு உள்ளே. 2025 ஏப்ரல் 10இல் வசாவிளானிலிருந்து பலாலி போகும் வீதியை, முப்பத்துநாலு வருடத்துக்குப் பிறகு, பகலில் மட்டும் திறந்தார்கள். நிறுத்தக்கூடாது, இறங்கக்கூடாது, படம் எடுக்கக்கூடாது என்று அப்போது சொன்னார்கள். அம்மம்மாவை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். "மெதுவா விடு தம்பி" என்று மட்டும் சொன்னா.

ஆகையால் உங்கள் கேள்விக்கு என் பதில் இது: பிரயோசனம் இருக்கிறது, அதை எங்கள் வீட்டுக் கண்ணே சொல்லும். ஆனால் ஆருடைய காணியில் அந்தப் பிரயோசனம் என்று கேட்காமல் "விரிவாக்கம்" பற்றிக் கதைக்கிறவர்களோடு எனக்குக் கதைக்க விருப்பமில்லை. காணி உறுதிப் பத்திரம் கையில் இருக்கிறவர்களுக்குக் காணியோ, சரியான நட்டஈடோ முதலில் வரட்டும். சென்னைக்குப் போகிற அம்மாவும் காணிக்குப் போகமுடியாத அம்மம்மாவும் எனக்கு ஒரே வீட்டு ஆட்கள்.

மூன்றாவது தடவை அம்மா தனியாகப் போய் வந்த அன்று, கண்ணைப் பற்றி டொக்டர் என்ன சொன்னார் என்று நாங்கள் எல்லாரும் கேட்டோம். அம்மம்மா கொஞ்ச நேரம் பொறுத்து, வேறு ஒன்று கேட்டா.

"மேல எழும்பேக்க பாத்தனியே பிள்ளை? கிணத்தடிப் பனை நிக்குதோ?"

"ஓமம்மா, நிக்குது" என்று அம்மா சொன்னா. பயணச் சீட்டு மேசையில் கிடந்தது. பிறகு எடுத்துப் பார்த்தேன், அம்மாவுக்குக் கிடைத்தது யன்னல் பக்க இருக்கை இல்லை.