புளூடூத்தில் ‘கனெக்டட்’, ஆப்பில் மட்டும் துடிப்பு வரலையா?

போன் செட்டிங்ஸ் புளூடூத் பட்டியலிலிருந்து, இதயத் துடிப்பை அளக்கிற நெஞ்சுப் பட்டையை முதல்ல நீக்குங்க. அங்கே ‘கனெக்டட்’னு இருந்தும் ஒர்க்அவுட் ஆப்பில் வெறும் கோடுதான் தெரியுதுன்னு கேட்டீங்களே, பெரும்பாலும் காரணம், போனே அந்த இணைப்பைப் பிடிச்சு வச்சிருக்கிறதுதான். பழைய பட்டைகள் பலதும் ஒரு நேரத்தில் ஒரே புளூடூத் இணைப்பைத்தான் ஏற்கும். வேறொரு ஆப் பிடிச்சு வச்சிருந்தாலும் இதே கதிதான், அதையும் மூடிடுங்க.

அப்புறம் ஆப்புக்குள்ளேயே போய் சென்சாரைத் தேடிச் சேருங்க. ஆண்ட்ராய்டு 12 முதல் ‘அருகிலுள்ள சாதனங்கள்’ அனுமதி வேணும். 11-ல் லொக்கேஷன் ஆனில் இருக்கணும்.

தேடும்போது பட்டை உடம்பில் இருக்கணும், உள்பக்கம் ஈரமா இருக்கணும். காய்ஞ்ச தோலில் அது விழிக்கவே விழிக்காது. காரைக்குடியில் மார்கழி விடியலில் ஊருணியைச் சுத்தி நடக்கிறவன் நான். ரெண்டாவது சுத்தில் வேர்வை கசிஞ்ச பிறகுதான் எண் ஒழுங்கா வரும். இப்போ வீட்டு முற்றத்துக் குழாயிலேயே நனைச்சு மாட்டிட்டுக் கிளம்பிடறேன்.

அப்படியும் வரலைன்னா பேட்டரியை மாத்திப் பாருங்க, பெரும்பாலும் சிஆர்2032 பட்டன் செல்தான்.

உங்ககிட்ட இருக்கிறது பட்டை இல்லாம வாட்ச்னா இது பொருந்தாது. வாட்ச்சிலேயே துடிப்பை ஒளிபரப்பும் வசதியை ஆன் பண்ணணும், எல்லா வாட்ச்சிலும் அது கிடையாது.